மூன்றாவது வாரத்தில் கல்லூரியை விட்டால் எய்ட் பணம் என்ன ஆகும்?

செப்டம்பர் 10, 2025, கேள்வி

மகள் இந்த ஃபால் செமஸ்டரில்தான் இங்கே அமெரிக்கக் கல்லூரியில் சேர்ந்தாள். பிடிக்கவில்லையாம், அடுத்த வருடம் வேறு கல்லூரியில் சேர்கிறேன் என்கிறாள். அரசு எய்டாகப் பெல் கிராண்ட் (உதவித்தொகை), ஃபெடரல் லோன் (அரசுக் கடன்) இரண்டும் வந்துவிட்டன. ஃபீஸ் போக மிச்சமும் அவள் பேங்க் அக்கவுன்டுக்கு வந்து, அதில் வாடகையும் கட்டியாயிற்று. "இவ்வளவு சீக்கிரம் விலகினால் ஒன்றும் கட்ட வேண்டாம், லோனை மட்டும் பிறகு மெதுவாகக் கட்டலாம்" என்று தோழி சொல்கிறாளாம். சரிதானே?

செப்டம்பர் 10, இரவு

சரியில்லை. எய்ட் கணக்கில் ஆகச் சிக்கலான நேரமே இந்த ஆரம்ப வாரங்கள்தான்.

அரசு கொடுக்கும் பணம் செமஸ்டர் முழுக்கப் படிப்பார் என்று நம்பி முன்கூட்டியே கொடுப்பது. நாள் ஆக ஆகத்தான் அது மாணவருடையது ஆகும். 60 சதவீத நாட்களைத் தாண்டினால் முழுவதும் அவருடையது. அதற்கு முன் விலகினால், இருந்த நாட்களுக்கு உரிய பங்கு மட்டும். மீதி திரும்பப் போக வேண்டும்.

கல்லூரி வெப்சைட்டில் விலகுவதற்கான பட்டனை இப்போதைக்கு அழுத்த வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். என் மகன் இரண்டாம் வருடத்தில் இதே போல நடுவில் விட்டவன். நாளை கணக்கோடு எழுதுகிறேன்.

செப்டம்பர் 11

கணக்குக்காக எண்களை ரவுண்டு பண்ணிக்கொள்கிறேன். செமஸ்டருக்குப் பெல் கிராண்ட் 3,500 டாலர், லோன் 2,500. மொத்தம் 6,000. (முழுப் பெல் இந்த 2025-26 கல்வியாண்டுக்கு 7,395 டாலர், செமஸ்டருக்கு அதில் பாதி. நான் அதைவிடக் கொஞ்சம் குறைத்து எடுத்திருக்கிறேன்.) கல்லூரி ஃபீஸ் 4,000. மிச்சம் 2,000 கைக்கு வந்து செலவாகிவிட்டது.

வகுப்பு ஆகஸ்ட் 25 முதல் டிசம்பர் 12 வரை. தேங்க்ஸ்கிவிங் விடுமுறை ஐந்து நாளைக் கழித்தால் 105 நாள். செப்டம்பர் 15 அன்று விலகினால் 22 நாள் ஆகியிருக்கும். 22 வகுத்தல் 105, அதாவது 21 சதவீதம். 6,000-இல் 21 சதவீதம் 1,260. இதுதான் அவள் சம்பாதித்தது. மீதி 4,740 திரும்ப வேண்டும்.

யார் திருப்புவது? முதலில் கல்லூரி. ஃபீஸ் 4,000-இல் 79 சதவீதம், அதாவது 3,160 டாலரைக் கல்லூரி அரசுக்கு அனுப்பிவிடும். இதற்கு 45 நாள் கெடு. அதில் முதலில் லோன் அடைபடும்: அன்சப்சிடைஸ்டு (படிக்கும்போதே வட்டி ஏறுவது), பிறகு சப்சிடைஸ்டு (படிக்கும்வரை வட்டியை அரசே ஏற்பது). 2,500 லோன் முழுவதும் போய், மிச்சம் 660 பெல்லுக்குப் போகும்.

மாணவர் பங்கு 4,740-இல் 3,160 போக 1,580. அது பெல் பணம். ஆனால் கிராண்டில் பாதிக்கு மேல் போகும் தொகையை மட்டும்தான் மாணவரிடம் கேட்பார்கள். பாதி 1,750. 1,580 அதற்குள் அடங்கிவிடுவதால் அரசுக்கு ஒரு காசும் கட்ட வேண்டாம்.

இதைக் கேட்டுவிட்டுத்தான் தோழி "ஒன்றும் கட்ட வேண்டாம்" என்கிறாள் போலிருக்கிறது.

செப்டம்பர் 11, சாயங்காலம்

ஆனால் கல்லூரி 3,160 டாலரை அரசுக்கு அனுப்பியாயிற்று இல்லையா? மூன்றாவது வாரத்தில் ஃபீஸ் ரீஃபண்ட் கிடையாது என்பது அந்தக் கல்லூரியின் விதியானால், அவர்கள் கணக்கில் 3,160 டாலர் பள்ளம். அதை யார் நிரப்புவது? மாணவர்தான். ஒரு பக்கம் கடன் கொடுத்தவர் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறார், இன்னொரு பக்கம் கடைக்காரர் சரக்கைத் திருப்பி வாங்க மாட்டேன் என்கிறார்.

வேடிக்கை என்னவென்றால் லோன் மறைந்துவிட்டது. மெதுவாக, ஆறு மாத அவகாசத்துடன், வருமானத்துக்கு ஏற்ற தவணையில் கட்டியிருக்கக்கூடிய கடன் போய், "உடனே கட்டு" என்கிற கல்லூரி பில் அந்த இடத்தில் வந்து உட்கார்கிறது. அதைத் தள்ளிப்போடவோ தவணையைக் குறைக்கவோ அரசு வழி எதுவும் இல்லை. கட்டாவிட்டால் அடுத்த செமஸ்டருக்குப் பதிய முடியாதபடி ஹோல்ட் விழும், அப்புறம் கலெக்‌ஷன் ஏஜென்சி.

மகன் கணக்கில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஆகஸ்டில் எய்ட் தொகைகள் வரிசையாகக் கழித்தல் குறியோடு நின்றன, கடைசி வரி பூஜ்யம். அக்டோபரில் அதே தொகைகளில் சில கூட்டல் குறியோடு இரண்டாம் முறை வந்தன. கடைசி வரி சிவப்பு. இடையில் யாரும் ஃபோன் பண்ணவில்லை. மெயில் வந்திருந்தது. கல்லூரி கொடுத்த மெயில் முகவரிக்கு. கல்லூரியை விட்ட பையன் அந்த மெயிலை ஏன் திறக்கப் போகிறான்?

செப்டம்பர் 12

"முதல் வாரத்திலேயே விட்டிருந்தால்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதே எண்களில் போட்டுப் பார்ப்போம். செப்டம்பர் 1, எட்டாவது நாள், 7.6 சதவீதம். திரும்ப வேண்டியது 5,544. கல்லூரி 3,696 அனுப்பும். மாணவர் பங்கு 1,848, கேட்கப்படாத பாதிக் கிராண்ட் 1,750 போக 98 டாலர் அரசுக்குக் கட்ட வேண்டும்.

அந்த நாளில் ஃபீஸ் முழு ரீஃபண்ட் என்றால் கல்லூரிக்குக் கடன் கிடையாது. கணக்கில் 304 டாலர் மிஞ்சக்கூட மிஞ்சும், 98-ஐ அதிலிருந்தே தீர்த்துவிடலாம். 15ஆம் தேதி விலகி, ஃபீஸில் பாதி ரீஃபண்ட் என்றால் கடன் 1,160. ரீஃபண்டே இல்லை என்றால் நேற்றுச் சொன்ன 3,160.

ஆக அரசின் சூத்திரம் ஒரு கடிகாரம், கல்லூரியின் ரீஃபண்ட் அட்டவணை இன்னொரு கடிகாரம். முதலாவது நாளுக்கு நாள் மெல்ல நகரும். இரண்டாவது வாரக் கடைசியில் தடால் என்று விழும். இரண்டுக்கும் நடுவே, ரீஃபண்ட் முடிந்து 60 சதவீதம் வராத காலம்தான் குழி. உங்கள் மகள் இப்போது நிற்பது அங்கேதான்.

98 டாலர் சின்னதுதானே என்று விடுகிறவர்களும் உண்டு. 50 டாலர் வரை என்றால் அரசு கேட்காது. அதற்கு மேல் என்றால் நோட்டீஸ் வந்த 45 நாளுக்குள் கட்ட வேண்டும், அல்லது தவணை பேசிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நாட்டில் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ஃபெடரல் எய்ட் நிற்கும்.

செப்டம்பர் 12, கொஞ்சம் பொறுத்து

"கல்லூரி ஆபீஸுக்கு நானே ஃபோன் பண்ணினேன், பேச மறுக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பேச மாட்டார்கள். காரணம் 1974இல் வந்த ஃபெர்பா, மாணவர் விவரங்களின் ரகசியத்தைக் காக்கும் சட்டம். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் விவரம் மாணவருக்கு உரியது, வயது பதினேழே ஆனாலும். மகள் எழுத்தில் அனுமதி கொடுத்தால் பேசுவார்கள். எனக்கும் கவுன்டரில் இதே பதில்தான். பில் யார் கட்டுவது என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை, சிரிப்பு மட்டும் வந்தது.

மகளையே போகச் சொல்லுங்கள். விலகலைப் பதிகிற ரெஜிஸ்ட்ரார் ஆபீஸுக்குப் போவதற்கு முன் எய்ட் ஆபீஸுக்குப் போகட்டும். "இன்று விலகினால் என் கணக்கில் கடைசி வரி என்ன?" என்று கேட்கட்டும். போட்டுக் காட்டுவார்கள். அவர்களுக்கு இது தினசரி வேலை, ஆர்-டூ-டி-ஃபோர் என்பார்கள். 1965இல் ஜான்சன் கையெழுத்திட்ட உயர்கல்விச் சட்டத்தின் நான்காம் பகுதி, அதில் 1998 திருத்தம் கொண்டுவந்த கணக்கு.

செப்டம்பர் 14

60 சதவீதம் என்று மொட்டையாக எழுதியிருந்தேன். அதை விரித்தே ஆக வேண்டும், ஒருவர் வகுப்பு நாட்களை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

எண்ண வேண்டியது காலண்டர் நாள். சனி, ஞாயிறு, ஒரு நாள் லீவு எல்லாம் சேரும். தொடர்ந்து ஐந்து நாளோ அதற்கு மேலோ வரும் விடுமுறை மட்டும் கழியும். இந்த வருடம் தேங்க்ஸ்கிவிங் நவம்பர் 27. கல்லூரி புதன் முதல் ஞாயிறு வரை மூடினால் ஐந்து நாள், கழியும். மொத்தம் 105, அறுபதைத் தாண்டும் நாள் அக்டோபர் 27. புதன்கிழமை வகுப்பு வைத்து வியாழன் முதல் மூடினால் நான்கு நாள், கழியாது. மொத்தம் 110, தாண்டும் நாள் அக்டோபர் 30. நவம்பரில் ஒரு புதன்கிழமை வகுப்பு இருக்கிறதா என்பது அக்டோபரில் மூன்று நாளைத் தள்ளுகிறது! யார் உட்கார்ந்து யோசித்தார்களோ.

அதனால் கல்லூரி தரும் தேதியை மட்டும் நம்புங்கள், நாமாக எண்ண வேண்டாம்.

செப்டம்பர் 14, மதியம்

மெடிக்கல் காரணம் காட்டினால் எய்ட் திரும்பப் போகாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போகும். உடம்பு சரியில்லாமல் விலகினாலும் அரசின் கணக்கு அதேதான், இரக்கத்துக்கு அதில் இடம் வைக்கவில்லை. டாக்டர் லெட்டர் உதவும் இடங்கள் வேறு: கல்லூரி தன் ஃபீஸைத் தள்ளுபடி செய்ய, பின்னால் எய்ட் அப்பீல் எழுத. இரண்டும் பெரிய விஷயம்தான், ஆகவே லெட்டரை வாங்கி வையுங்கள்.

அனுமதி பெற்ற விடுப்பு என்று ஒன்று உண்டு, 12 மாதத்தில் 180 நாள் வரை. அதில் இருந்தால் விலகியதாகக் கொள்ள மாட்டார்கள். ஆனால் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். செமஸ்டர் முறைக் கல்லூரிகளில் அது நடைமுறைக்கு ஒத்து வருவது அபூர்வம்.

செப்டம்பர் 16

இதை முதல் நாளே எழுதியிருக்கலாம். எல்லாப் பாடத்தையும் விட்டால்தான் மேலே சொன்ன கணக்கு. ஒன்றிரண்டு பாடத்தை வைத்துக்கொண்டு மற்றதை விட்டால் அது விலகல் ஆகாது.

அப்போது பார்க்க வேண்டியவை வேறு. பெல் கிராண்ட் இப்போது எடுத்திருக்கும் கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள மதிப்பலகு) எண்ணிக்கையின்படி. 12 கிரெடிட் முழு அளவு, 6 என்றால் பாதி. ஆனால் பல கல்லூரிகள் சென்சஸ் தேதி என்று ஒன்று வைத்திருக்கும். அன்று இருந்த கிரெடிட்டை வைத்துப் பெல்லைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பின் பாடத்தை விட்டாலும் (அந்தப் பாடத்துக்கு ஒரு முறையாவது வகுப்புக்குப் போயிருந்தால்) பெல் குறையாது. லோனுக்கு அரை நேரம், அதாவது 6 கிரெடிட், கீழே இறங்காமல் இருப்பது நல்லது. இறங்கினால், கடனைக் கட்டத் தொடங்கும் முன் தரப்படும் ஆறு மாத கிரேஸ் பீரியட் ஓட ஆரம்பிக்கும். என் மகனுக்கு முதல் வருட லோனுக்கு அப்படித்தான் ஓடியது. அந்த ஆறு மாதம் முடிவதற்குள் மறுபடி அரை நேரமாவது சேர்ந்துவிட்டால் கடிகாரம் பழையபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். முடிய விட்டால் அந்த லோனுக்கு மறுபடி கிரேஸ் கிடையாது.

உங்கள் மகளுக்கு எந்த இரண்டு பாடம் கொஞ்சமாவது சகிக்கும் என்று கேளுங்கள்.

செப்டம்பர் 17, கேள்வி கேட்டவர்

சகிக்கும் என்றால் சைக்காலஜி, அப்புறம் ஸ்டாட்ஸ். ஆச்சரியம், ஸ்டாட்ஸ்தான் கஷ்டம் என்று அழுதாள் என்று நினைத்திருந்தேன். பிரச்சினை ரூம்மேட்டாம்.

செப்டம்பர் 17

அப்படியானால் முதலில் ரூமை மாற்றுங்கள். ஹவுசிங் ஒப்பந்தத்துக்குத் தனி அபராதம் இருக்கும். அதற்கும் தனியாகக் கேட்க வேண்டும்.

அக்டோபர் 2

விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு எப்படி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இழை வேறு பக்கம் போகிறது, பரவாயில்லை, தேவையான விஷயம்தான். ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தருவது) உள்ள பிள்ளைகளுக்கு ஃபெடரல் எய்டே கிடையாது. குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், வேறு சில பிரிவினருக்குத்தான். ஆகவே மேலே உள்ள கணக்கு உங்களுக்கு இல்லை, கல்லூரியின் ரீஃபண்ட் அட்டவணை மட்டும்தான்.

ஊரிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வந்து படிப்பவருக்குப் பணத்தைவிடப் பெரிய சிக்கல். இன்டர்நேஷனல் ஆபீஸில் டிஎஸ்ஓவிடம் (விசா மாணவர்களுக்குப் பொறுப்பான கல்லூரி அதிகாரி) முன்கூட்டியே சொல்லி அனுமதியுடன் விலகினால் நாட்டை விட்டுக் கிளம்ப 15 நாள். சொல்லாமல் விட்டால் ஒரு நாள்கூட இல்லை. பாடத்தைக் குறைப்பதற்கும் அனுமதி வேண்டும், "இரண்டு பாடம் மட்டும் வைத்துக்கொள்" என்று நான் மேலே சொன்னது அவர்களுக்குப் பொருந்தாது. தயவுசெய்து யாரும் அதை எடுத்து எஃப்-1இல் இருக்கும் அக்கா பையனுக்கு ஃபார்வர்ட் பண்ண வேண்டாம்.

அக்டோபர் 28

"நேற்று 60 தாண்டிவிட்டது, இனி நிம்மதியாக விட்டுவிடலாம்" என்று ஒரு தம்பி. எய்ட் பணம் பத்திரம், உண்மை. ஆனால் அடுத்த எய்டைப் பற்றியும் யோசிக்கணும்.

விலகிய பாடத்துக்கு டிரான்ஸ்கிரிப்டில் டபிள்யூ விழும். ஜிபிஏவை (கிரேடு சராசரி) தொடாது. ஆனால் முயன்ற கிரெடிட்டில் சேரும், முடித்ததில் சேராது. எய்ட் தொடர வேண்டுமானால் முயன்றதில் மூன்றில் இரண்டு பங்கு முடித்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கல்லூரிகளின் அளவு. முதல் செமஸ்டர் 12 கிரெடிட்டும் டபிள்யூ என்று வையுங்கள். அடுத்ததில் 12-ம் பாஸ், 24-இல் 12, பாதி. அதற்கடுத்ததிலும் முழு பாஸ், 36-இல் 24. 66.67 சதவீதம். சில கல்லூரிகள் 67 என்று எழுதி வைத்திருக்கும், அங்கே நூலிழையில் ஃபெயில். ஒரு செமஸ்டரை விட்டதன் நிழல் ஒன்றரை வருடம் நீள்கிறது.

அப்பீல் எழுதலாம். என்ன நடந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்ற இரண்டுக்கும் காகிதத்தோடு பதில் வேண்டும். மகனின் முதல் அப்பீல் கடிதம் இரண்டு பக்கம், அத்தனையும் உணர்ச்சி. எய்ட் ஆபீஸில் ஓர் அம்மா பொறுமையாகப் படித்துவிட்டு, "இரண்டாவது கேள்விக்குப் பதில் எங்கே?" என்று மட்டும் கேட்டார். அரைப் பக்கத்தில் மாற்றி எழுதிக் கொடுத்தான். கிடைத்தது.

அக்டோபர் 28, பின்குறிப்பு

பெல் வாழ்நாளுக்கு 600 சதவீதம்தான், ஒரு முழு வருடம் 100. விலகிய செமஸ்டரில் திருப்பியது போக வைத்துக்கொண்ட பகுதி இதில் கழியும். என் உதாரணத்தில் 2,840 டாலர், வருடத் தொகை 7,000 என்றால் 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு கிரெடிட்டும் கையில் இல்லாமல்.

டிசம்பர் 20

கிரேடு வந்திருக்கும் நேரம், அதனால் இது. யாரிடமும் சொல்லாமல் வகுப்புக்குப் போவதை மட்டும் நிறுத்திய பிள்ளைகள் உண்டு. எல்லாப் பாடத்திலும் எஃப் வந்தால், உண்மையில் கடைசி வரை உட்கார்ந்து எழுதி வாங்கிய எஃப்தானா என்று கல்லூரி பார்க்க வேண்டும். இல்லை என்று தெரிந்தால் சொல்லாமல் விலகியதாகக் கொள்வார்கள். வருகைப் பதிவு கட்டாயமில்லாத கல்லூரியில் விலகிய நாளாக எடுப்பது பாதிச் செமஸ்டர், அதாவது 50 சதவீதம், அல்லது கடைசியாகப் பரீட்சை எழுதிய, அசைன்மென்ட் கொடுத்த தேதி. கணக்கு பின்னோக்கி ஓடி ஜனவரியில் பில் வரும். எஃப்பும் உண்டு, பில்லும் உண்டு. டபிள்யூவே தேவலை.

எங்கள் தெருவில் ஒரு பையன் விஷயத்தில், நவம்பரில் எழுதிய ஒரு க்விஸ் அவனைக் காப்பாற்றியது. பேராசிரியர் தேதியைக் காட்டி உறுதி செய்தார், அது 60 சதவீதத்துக்குப் பின்னால் இருந்தது. க்விஸ்ஸில் மார்க் என்னவோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

ஜனவரி 11, 2026, கேள்வி கேட்டவர்

ரூம் மாறினாள். இரண்டு பாடம் வைத்துக்கொண்டாள், இரண்டை விட்டாள். சென்சஸ் தேதி அதற்கு முன்பே முடிந்திருந்ததால் பெல்லில் கை வைக்கவில்லை, லோனும் அப்படியே. விட்ட பாடங்களுக்கு ஃபீஸ் திரும்பவில்லை. 12-இல் 6 தான் முடித்தது என்பதால் எய்ட் ஆபீஸ் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது. இந்த செமஸ்டர் எய்ட் உண்டு என்றார்கள். ஹவுசிங்கில் ஒரு சின்னத் தொகை ரீஃபண்ட் வந்தது. அது முதலில் 529 என்கிற கல்விச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டியது. அதை என்ன செய்வது?

ஜனவரி 11

கல்லூரியிலிருந்து ரீஃபண்ட் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் அதே 529இல் திரும்பப் போட்டுவிட்டால் வரி, அபராதம் எதுவும் இல்லை. என்றைக்கு வந்தது என்று பாருங்கள், நவம்பர் என்றால் நாள் நெருங்கிவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் 1098-டி, அதாவது கட்டிய ஃபீஸைக் காட்டி வரிக்காகக் கல்லூரி அனுப்பும் படிவம், வரும். வரிச் சலுகை கேட்பதற்கு முன் அதில் உள்ள ஃபீஸ், கிராண்ட் தொகைகளை மகளின் கல்லூரிக் கணக்கோடு ஒரு முறை ஒப்பிடுங்கள். அந்தக் கணக்கைப் பார்க்கவும் மகள் அனுமதி வேண்டும் என்பது நினைவிருக்கட்டும்.